கரிசல் காட்டில் குடும்பமும் பட்டாவும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளில் மானாவாரி வேளாண்மை என்பது ஒற்றை ஆளின் தொழிலன்று. வடகிழக்குப் பருவ மழை பெய்து ஈரம் பதமாக நிற்கும் சில நாட்களுக்குள் விதைப்பு முடிந்தாக வேண்டும். ஏர் பிடிக்க ஒருவர், விதை போட ஒருவர், மாடு கன்று பார்க்க ஒருவர் எனப் பல கைகள் வேண்டியிருந்தமையால், அண்ணன் தம்பியர் ஒரே உலையில் உண்டனர். குலுக்கையிலிருந்த விதைத் தவசத்தை எப்பஞ்சத்திலும் உண்ணவிடாது காத்தவள் வீட்டின் மூத்த பெண். அருப்புக்கோட்டை நெசவாளர் இல்லங்களிலும் முதியோர் தார் சுற்ற, இளையோர் தறியில் அமர்வது வழக்கம்.

கரிசலில் மழை ஓரூரில் பெய்து அடுத்த ஊரை ஏமாற்றும். ஆகவே பிற ஊரில் உள்ள கொண்டான் கொடுத்தான் உறவே பஞ்சக் காலக் காப்பீடாக இருந்தது. தாய்மாமன் காதணி விழாவிற்கு மட்டும் உரியவர் அல்லர். தவசமும் வைக்கோலும் அவர் வீட்டிலிருந்தே வந்தன. மொய் நோட்டும் வட்டியில்லாக் கடன் ஏடுதானே!

ஆயினும் இக்குடும்ப முறை பெண் மக்களுக்கு நியாயம் செய்ததில்லை என்பதை மறைப்பதற்கில்லை. விதை காத்தவளுக்கு நிலம் இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாது இறந்த தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்கும் சமபங்கு அளித்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமையை, 1989 மார்ச் 25க்கு முன் மணமாகாத பெண்களுக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம் வழங்கிற்று. அவ்வரம்பு 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தத்தில் நீங்கியது. அந்நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

வீடு கட்ட உதவி கோரி நம்மிடம் வருவோர் பலர் கொணரும் பட்டா, மறைந்த பாட்டனார் பெயரிலேயே நிற்கக் காண்கிறோம். உலை பிரிந்து நாளாயிற்று. பட்டா மட்டும் பிரியவில்லை. “தங்கச்சி ஒன்றும் கேட்க மாட்டாள், ஐயா” என்பார்கள். தங்கையைக் கேட்டீர்களா என்றால் விடையிராது. அவளை விடுத்து எழுதிய பாகப்பிரிவினை பின்னர் வழக்கில் முடிந்து, வீடு பாதியில் நிற்கிறது.

முதலில் இ-சேவை மையம் வாயிலாக வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் பெறுக. பின் உடன்பிறந்தார் அனைவரும், பெண்கள் உட்பட, ஒருங்கே அமர்ந்து பேசிப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்க. பங்கு வேண்டாமென மனமுவந்து கூறும் சகோதரி விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம், வற்புறுத்திப் பெறலாகாது. அதன்பின் பட்டா மாறுதலுக்கு மனுச் செய்யலாம். முதியோர் உயிரோடு இருக்கையிலேயே இப்பேச்சைத் தொடங்குவது நலம். எல்லைக்கல் எங்கே உள்ளது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.