சித்திரையா, வைசாகமா?

கல்கத்தாவிலும் தில்லியிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் ஏப்ரல் மாத நடுவில் ஒரு கேள்வி எழுவதுண்டு. நாம் சித்திரை முதல் நாள் என்று வாயிலில் கோலமிட்டு, மாங்காயும் வேப்பம்பூவும் சேர்த்துப் பச்சடி செய்கிறோம். அதே சமயத்தில் அண்டை வீட்டு வங்காள அன்பர் வைசாக முதல் நாள் என்று புத்தாண்டு கொண்டாடுகிறார். பஞ்சாபியரோ வைசாகி என்கின்றனர். "சித்திரைக்கு அடுத்ததன்றோ வைகாசி? அவர்கள் ஒரு மாதம் முந்திவிட்டார்களா?" என்று நம் குழந்தைகள் வினவுகின்றனர். நம் வழக்கே சரி, பிறருடையது பிழை என்று கூறிவிடுதல் எளிது. ஆயின் அஃது உண்மையன்று.

சூரியன் மேஷ ராசியில் புகுவதே இவர்கள் அனைவருக்கும் மாதத்தின் தொடக்கம். கணக்கிடும் முறையால் ஒரு நாள் முன்பின் ஆகலாம், அவ்வளவே. மாதப் பெயர்களோ முழுநிலவு நிற்கும் நட்சத்திரங்களிலிருந்து பிறந்தவை. சூரியன் மேஷத்தில் இருக்கையில் முழுநிலவு அதற்கு நேர் எதிரே துலா ராசியில் நிற்கும். துலாத்தின் தொடக்கத்தில் சித்திரையும், இடையில் சுவாதியும், இறுதியில் விசாகமும் உள்ளன. எனவே அம்மாதத்துப் பௌர்ணமி ஓர் ஆண்டு சித்திரையை ஒட்டியும், மற்றோர் ஆண்டு விசாகத்தை ஒட்டியும் வரும். முன்னதன் பெயர் தமிழில் நிலைத்தது. பின்னதன் பெயர் வங்கத்திலும் பஞ்சாபிலும் நிலைத்தது. மலையாள நாட்டார் ராசியின் பெயரையே கொண்டு 'மேடம்' என்றனர். பெயர் மூன்றாயினும் மாதம் ஒன்றே.

இனி, அரசாங்கத்தின் தேசிய நாட்காட்டியைக் காண்போம். நாடெங்கும் ஏறத்தாழ முப்பது பஞ்சாங்க முறைகள் வழங்குவதைக் கண்டு, 1952-இல் விஞ்ஞானி மேகநாத சாஹாவின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22-ஆம் நாள், சக ஆண்டு 1879, சைத்திர மாதம் முதல் நாளாக ஏற்கப்பட்டது. பகலும் இரவும் சமமாகும் நாளை அடுத்து ஆண்டு தொடங்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

அவ்வாறாயின் நம் சித்திரை ஏன் மூன்று வாரத்திற்கு மேல் பிந்தி வருகிறது? நம் பஞ்சாங்கம் விண்மீன்களைக் கொண்டு ஆண்டை அளக்கிறது. அந்த ஆண்டு, பருவங்களைக் கொண்டு அளக்கும் ஆண்டைவிடச் சுமார் இருபது நிமிடம் நீண்டது. பழைய சூரிய சித்தாந்தக் கணக்கிலோ சுமார் இருபத்து நான்கு நிமிடம் நீண்டது. இச்சிறு மிகுதி அறுபது எழுபது ஆண்டுகளில் ஒரு நாளாகிவிடும். ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அயனம் தொடங்கும் இடம் முன்னோர் கூறிய நட்சத்திரத்தினின்றும் மாறிவிட்டதை ஆறாம் நூற்றாண்டிலேயே வராகமிகிரர் குறித்துள்ளார்.

இதனை நாமே சோதித்து அறியலாம். முற்றத்தில் ஒரு கோலை நிமிர்த்தி நட்டு, நாள்தோறும் உச்சிவேளை நிழலை அளந்து வருவோமாயின், அது மிக நீண்டிருப்பது டிசம்பர் 22-ஐ ஒட்டியே என்பது புலனாகும். சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது அன்றே. உத்தராயணப் புண்ணிய காலமென்று நாம் போற்றும் தை முதல் நாளோ ஜனவரி நடுவில் வருகிறது. இவ்வாறே சென்றால் இன்னும் 1500 ஆண்டுகளில் சித்திரைப் பிறப்பு மே மாதத்தில் விழும்.

இதனால் நம் பண்டிகையைக் கைவிட வேண்டுமென்பதில்லை. விண்மீனை நோக்குவது ஒரு முறை. பருவத்தை நோக்குவது மற்றொரு முறை. இரண்டும் வானத்தையே சான்றாகக் கொண்டவை. அடுத்த ஆண்டு குழந்தை அதே கேள்வியைக் கேட்கும்போது, "அண்டை வீட்டாருடைய மாதமும் நம்முடையதே, பெயர்தான் வேறு" என்று கூறி, வேப்பம்பூப் பச்சடியில் ஒரு கிண்ணம் அவர்களுக்கும் கொடுத்தனுப்புவோம்.