காரை ஓரங்கட்டி அழவைத்த பாட்டு... 65 வயதிலும் காது மூடாத ரசிகர் ஜான் பீல்!

1978-ம் ஆண்டின் பிற்பகுதி. இங்கிலாந்தில் ஒரு நெடுஞ்சாலை. காரை ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு வயது 39. ரேடியோவில் வேறொரு அறிவிப்பாளரின் பகல் நேர நிகழ்ச்சி ஓடுகிறது. திடீரென்று ஒரு பாட்டு. வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்தைச் சேர்ந்த ஐந்து பையன்கள் கையில் இருந்த கொஞ்சக் காசில் பதிவு செய்த, இரண்டரை நிமிடம்கூட முழுதாக ஓடாத பாட்டு. அதற்கு மேல் அவரால் வண்டி ஓட்ட முடியவில்லை. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுதார்.

இத்தனைக்கும் அவருக்கு அது புதுப் பாட்டு இல்லை. 'தி அண்டர்டோன்ஸ்' குழுவின் 'டீனேஜ் கிக்ஸ்' என்ற அந்தப் பாட்டைத் தன் ரேடியோ நிகழ்ச்சியில் அடுத்தடுத்து இரண்டு முறை ஒலிபரப்பியவரே அவர்தான். தான் தூக்கிக் கொஞ்சிய பிள்ளையை ஊரே கொஞ்சுவதைப் பார்த்த மாதிரி இருந்திருக்கும்.

அவர்தான் ஜான் பீல். பி.பி.சி ரேடியோ 1 தொடங்கிய 1967-ல் சேர்ந்து, 2004-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தவர். தொழில், அறிவிப்பாளர். ஆனால், அவர் உண்மையில் செய்த வேலை ஒன்றுதான்... கேட்பது. வீட்டில் 26,000-க்கும் மேற்பட்ட எல்.பி. இசைத்தட்டுகள், சுமார் 40,000 சிங்கிள்கள், அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் சி.டி-க்கள். ஒவ்வொரு எல்.பி-க்கும் ஓர் அட்டை போட்டு, விவரத்தை டைப் அடித்து அடுக்கிவைத்திருந்தார். பிடித்த பாட்டுகளுக்கு நட்சத்திரக் குறி போடுவதும் வழக்கம். அதிகபட்சம் ஐந்துதான் கணக்கு. 'டீனேஜ் கிக்ஸ்' பாட்டுக்கு மட்டும் 28 நட்சத்திரங்கள் போட்டாராம்!

பீல் பள்ளியில் படித்தபோதே இந்தக் கிறுக்கு ஆரம்பித்துவிட்டது. 'காது கொடுத்துக் கேட்க முடியாத இசைத்தட்டுகள் மீது இவனுக்கு இருக்கும் மோகத்தை வைத்தே ஏதாவது ஒரு பயங்கரமான பிழைப்பை இவன் அமைத்துக்கொள்ளக்கூடும்' என்கிற மாதிரி விடுதிப் பொறுப்பாசிரியர் ரிப்போர்ட்டில் எழுதினார். திட்டுவதாக நினைத்து எழுதியது, ஜாதகம் கணித்த மாதிரி பலித்துவிட்டது.

பீலின் ரசனைக்கு வேலியே கிடையாது. 1969-ல் 'கேப்டன் பீஃப்ஹார்ட்' என்ற அமெரிக்கரின் 'ட்ரவுட் மாஸ்க் ரெப்ளிகா' ஆல்பம் வந்தது. முதல் தடவை கேட்பவர்களுக்கு, ஆளுக்கொரு பாட்டை ஒரே நேரத்தில் வாசிப்பதுபோல் இருக்கும். பாதியில் நிறுத்தியவர்களே அதிகம். பீலோ, ஓவியம், இலக்கியம் தெரிந்தவர்களிடம் 'கலைப்படைப்பு' என்று காட்டுவதற்குப் பாப் இசையில் ஏதாவது இருக்கிறதென்றால் அது இதுதான் என்றார்.

1973-ல் வந்தது மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்'. பாட்டு வரிகளை நம்பாமல் கருவிகளை வைத்தே நீளும் ஆல்பம். 'தி எக்ஸார்சிஸ்ட்' பேய்ப்படம் பார்த்தவர்களுக்கு அதன் ஆரம்ப இசை தெரிந்திருக்கும். அப்போது ஓல்ட்ஃபீல்டை வெளியே யாருக்கும் பெரிதாகத் தெரியாது. வெளியிட்ட வர்ஜின் கம்பெனிக்கும் அதுதான் முதல் ஆல்பம். பீல் அந்த மே மாதமே ஆல்பம் முழுவதையும் தன் நிகழ்ச்சியில் ஓடவிட்டார்.

இப்படி நீளமான, நிதானமான இசையைக் கேட்டுப் பழகிய நேயர்களுக்கு 1976-ல் பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. நியூயார்க்கின் 'ரமோன்ஸ்' குழுவுடைய முதல் ஆல்பம் பீல் கைக்கு வந்தது. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் இரைச்சல் பாட்டுகள். சிறு வயதில் லிட்டில் ரிச்சர்டை முதன்முதலாகக் கேட்டபோது வந்த அதே பயம் மறுபடி வந்ததாகப் பின்னாளில் சொன்னார். இசையைக் கேட்டுப் பயந்தேன் என்று எத்தனை ரசிகர்கள் ஒப்புக்கொள்வார்கள்? பயந்ததோடு நிற்கவில்லை. அந்த ஆல்பத்தின் பாட்டுகளை நிகழ்ச்சியில் போட்டார். 'இனிமேல் இதைப் போடாதே' என்று கடிதங்கள் வந்தன. அவர் இன்னும் அதிகமாகப் போட்டார். பழைய நேயர்கள் பலர் விலகினார்கள், பதின்வயதுப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.

பாட்டு கேட்கிற காது பெரும்பாலானவர்களுக்கு இருபத்தைந்து வயதோடு நின்றுவிடுகிறது. அப்பாவுக்கு அவர் காலத்துப் பாட்டு, பிள்ளைக்கு அவன் காலத்துப் பாட்டு. 'இதெல்லாம் ஒரு பாட்டா?' என்ற சண்டை இல்லாத வீடு உண்டா? பீல் 37 வயதில் தன் நேயர்களையே இழக்கத் துணிந்தது அந்த ஒரு கேள்வியைக் கேட்க மறுத்ததால்தான்.

இங்கிலாந்து, அமெரிக்கா என்றும் அவர் நின்றுவிடவில்லை. 80-களின் நடுவில் ஜிம்பாப்வேயின் 'புண்டு பாய்ஸ்' குழு லண்டனில் வாசித்தது. கிடார் சரங்கள் மழைத்தூறல் மாதிரி விழும் இசை. பாடும் மொழி பீலுக்குப் புரியாது. அன்றும் அவர் கன்னங்களில் கண்ணீர் வழிந்ததை, உடன் சென்ற சக அறிவிப்பாளர் ஆண்டி கெர்ஷா பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு இசைத்தட்டுகளுக்கு நடுவே ஒரு குடும்பமும் இருந்தது. மனைவி ஷீலாவை 1974-ல் மணந்தார். லிவர்பூல் கால்பந்து அணியின் சிவப்பு நிறத்தில் மாப்பிள்ளை உடை, மணப்பெண்ணுக்குத் தோழி வீட்டு நாய்! பிறந்த நான்கு பிள்ளைகளின் பெயர்களுக்குள்ளும் லிவர்பூல் அணி தொடர்பான ஒரு பெயரைச் செருகிவிட்டார். சஃபோக் மாவட்டத்துக் கிராமத்து வீட்டுக்குத் தினமும் மூட்டை மூட்டையாகப் புது இசைத்தட்டுகளும் யாரென்றே தெரியாத குழுக்களின் கேசட்டுகளும் வரும். பிரித்துக் கேட்காமல் கிடப்பவற்றைப் பார்த்தால் அவருக்குக் குற்ற உணர்ச்சி. இதில் சறுக்கலும் உண்டு. நிகழ்ச்சியில் இசைத்தட்டைத் தவறான வேகத்தில் ஓடவிடுவது பீலின் பிரசித்தி பெற்ற பழக்கம். சில குழுக்களின் இசையில் அது தவறு என்று நேயர்களுக்கே தெரியாது!

2004 அக்டோபர் 25. ஷீலாவுடன் பெரு நாட்டின் குஸ்கோ நகரத்துக்குப் போயிருந்த இடத்தில் மாரடைப்பு வந்து பீல் இறந்தார். வயது 65. இறுதிச் சடங்குக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். தேவாலயத்திலிருந்து சவப்பெட்டியைத் தூக்கிச் சென்றபோது ஒலித்தது 'டீனேஜ் கிக்ஸ்'.

அவர் போன பிறகு வீட்டில் இருந்த ஒரு சின்ன மரப்பெட்டி பிரபலமானது. உள்ளே 140-க்கும் மேற்பட்ட சிங்கிள்கள். வீடு தீப்பிடித்தால் முதலில் இதைத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று பீல் தனியாக எடுத்துவைத்தவை. அதில் அதிக இடம் பிடித்திருந்தது அவரது இளமைக்காலப் பாட்டுக்காரர்கள் யாரும் இல்லை. 'தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்'... அவருக்கு அறுபது வயதை ஒட்டி அறிமுகமான குழு.