ஒரே மீட்டர், எட்டு மெஷின்: கரண்ட் எங்க போகுது?

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் கிளையன்ட், "மெஷினுக்கு மெஷின் மீட்டர் மாட்டணுமா சார்?" என்றார். வேண்டாம் என்றேன்.

ஒவ்வொரு மெஷினையும் வழக்கமான வேலையோடு தனியாக ஒரு மணி நேரம் ஓட்டி, மெயின் மீட்டரில் எத்தனை யூனிட் ஏறுதுன்னு குறித்தோம். (மோட்டார் பிளேட்டில் 5 எச்.பி. என்றால் மணிக்கு 3.7 யூனிட்னு போட்டுடாதீங்க. லோடு குறைந்தால் இழுப்பதும் குறையும்.) அதை மாதம் ஓடிய மணி நேரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி இபி பில்லோடு ஒப்பிட்டோம்.

கணக்கு இடிச்சது. பில்தான் அதிகம்!

காரணம் கம்ப்ரஸர். சாப்பாட்டு நேரத்திலும் ஏர் லீக்கை நிரப்ப ஓடிக்கிட்டே இருந்திருக்கு. அந்தச் செலவு எந்த வேலையின் ரேட்டிலும் சேரவில்லை. அவர் லாபத்திலிருந்துதான் போயிருக்கு.

உங்க வீட்டு ஏசி, கீசருக்கும் இதே கணக்குதான். இன்னைக்கே மீட்டரைப் பாருங்க!