மஞ்சள் போர்டு மாப்பிள்ளை

கோயமுத்தூரில் விற்பனைக்கு வருகிற பழைய கார்கள் எல்லாமே யாரோ ஒரு டாக்டருடையவை. காலையில் வீட்டிலிருந்து கிளினிக், ராத்திரி கிளினிக்கிலிருந்து வீடு. கிருத்திகைக்கு மருதமலை. அவ்வளவுதான். ஆறு வருஷம் ஆகியும் மீட்டர் எழுபது, எண்பதாயிரத்தைத் தாண்டியிருக்காது. இப்படி ஒழுக்கமாகக் கார் ஓட்டிய டாக்டர்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஊரில் நோயாளிகளைவிட டாக்டர்கள் ஜாஸ்தியாக இருக்க வேண்டும்!

வாடகைக்கு ஓடிய கார் மட்டும் ஒன்றுகூட விற்பனைக்கு வருவதில்லை. இத்தனைக்கும் பீளமேடு ஏர்போர்ட் வாசலில், ஜங்ஷனில், காந்திபுரத்தில் எத்தனை டாக்ஸிகள் நிற்கின்றன! ஊட்டி, வால்பாறை, பழனி, குருவாயூர், கார்த்திகை வந்தால் சபரிமலை என்று ஓடிக்கொண்டே இருக்கின்றன. இவையெல்லாம் வயசானதும் எங்கே போகின்றன? சந்நியாசம் வாங்கிக்கொள்கின்றனவா? இல்லை ஸார். குளித்து, பவுடர் பூசி, போர்டை மாற்றிக்கொண்டு ‘டாக்டர் வண்டி’யாகத் திரும்பி வருகின்றன.

மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. நம்ம ஊர்ப் பாஷையில் டி-போர்டு. வெள்ளைப் பலகை என்றால் சொந்த வண்டி, ஓன் போர்டு. டி-போர்டை ஓன் போர்டாக மாற்றுவது சட்ட விரோதம் இல்லை. பெர்மிட்டை ஒப்படைத்து, பாக்கி வரியையும் அபராதங்களையும் கட்டி, ஃபைனான்ஸ் இருந்தால் அவர்கள் சம்மதத்தோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் விண்ணப்பித்தால் மாற்றிக் கொடுப்பார்கள். மறுகல்யாணத்தில் தப்பே இல்லை. முதல் கல்யாணத்தை மறைத்துப் பெண் பார்க்க வருவதில்தான் வம்பு.

என் சித்தப்பா பையனுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளைதான் வந்தது. பையன் அவிநாசி ரோட்டில் ஒரு ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கார் வாங்கிவிட வேண்டும் என்று நாலு வருஷமாகச் சேர்த்த பணம் கையில் மூன்றரை லட்சம். அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் கடன். ஒரு கார் கன்சல்டிங்கில் 2019 மாடல் செடான் ஒன்றைப் பார்த்துவிட்டு, “ண்ணா, நீங்களும் ஒருக்கா வந்து பாருங்க” என்றான்.

“டாக்டர் வண்டிங்க, சிங்கிள் ஓனர். எழுபத்தெட்டாயிரம்தான் ஓடியிருக்கு. நாலு நாப்பது சொல்றாங்க, உங்களுக்காகப் பேசிக்கலாமுங்க” என்றார் கன்சல்டிங்காரர். நான் பதில் சொல்லாமல் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். சொந்தக் காரில் முக்கியமாகத் தேய்கிற இடம் டிரைவர் ஸீட்; பின் ஸீட் புது மாப்பிள்ளை மாதிரி இருக்கும். டாக்ஸியில் தேய்கிற இடங்கள் இரண்டு. டிரைவர் ஸீட் ஒன்று, பின் ஸீட்டின் இடது மூலை இன்னொன்று. நம் நாட்டில் சவாரி ஏறுகிறவர் பிளாட்ஃபாரம் பக்கத்திலிருந்து, அதாவது இடது பின் கதவைத் திறந்துகொண்டு ஏறி அங்கேயே சாய்ந்துவிடுவார். அந்தக் கதவின் கைப்பிடி பளபளப்பு இழந்திருக்கும், கீல் தொங்கும், அந்த மூலை ஸ்பாஞ்ச் அமுங்கியிருக்கும். அடுத்தது டிக்கி. சூட்கேஸை இழுத்து இழுத்து பம்பரின் மேல் விளிம்பில் கோடு கோடாகக் கீறல் விழுந்திருக்கும். மேல் கூரையில் கேரியர் மாட்டிய தழும்பு, டாஷ்போர்டில் போன் ஸ்டாண்டு ஒட்டிய பசை, பக்கத் தூணில் பேனிக் பட்டனை எடுத்துவிட்டு அடைத்த ஓட்டை. மீட்டரைத் திருப்புவதற்கு ஆள் இருக்கிறார்கள். இத்தனையையும் திருப்ப ஆள் கிடையாது.

பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பரைப் பாருங்கள். எழுபத்தெட்டாயிரம் ஓடிய வண்டியில் ரப்பர் மழமழவென்று ஆகியிருக்காது. இதில் ஆகியிருந்தது. புது ரப்பர் போட்டிருந்தால் இன்னும் ஜாஸ்தியாகச் சந்தேகப்படுங்கள்!

“டாக்டர் பின்னாடி உட்கார்ந்துதான் போவாருங்களா?” என்று கேட்டேன்.

கன்சல்டிங்காரர் சிரித்துவிட்டார். “கொஞ்ச நாள் டி-போர்டுல ஓடுச்சுங்க. அதனால என்னங்க?”

அதனால என்ன என்பதற்கு எங்கள் பி.காம். வகுப்பிலேயே பதில் இருக்கிறது. 1962-ம் வருஷத்து வருமான வரி விதிகளில் தேய்மான அட்டவணை படித்தது ஞாபகம் இருக்கிறதா? சாதாரண மோட்டார் காருக்கு வருஷம் 15 சதவிகிதம். வாடகைக்கு ஓடும் டாக்ஸிக்கு 30 சதவிகிதம். வாடகைக் கார் இரண்டு மடங்கு வேகமாகக் கிழவனாகிறது என்று சர்க்காரே எழுதி வைத்தது! ஏழு லட்சம் ரூபாய்க் காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வருஷம் குறைந்து செல் முறையில் 15 சதவிகிதம் கழித்தால் புத்தக மதிப்பு சுமார் 2,64,000. 30 சதவிகிதம் கழித்தால் சுமார் 82,000. இந்த விலைக்குக் கொடுங்கள் என்று கேட்டால் கன்சல்டிங்காரர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். சந்தை விலை இதற்கு மேலேதான் நிற்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவே இருக்கிற பள்ளம் நிஜம். ஓன் போர்டு விலை சொல்லி டி-போர்டைத் தள்ளுகிறவர்கள் சம்பாதிப்பது அந்தப் பள்ளத்தில்தான்.

அதற்காக டி-போர்டு என்றாலே காத தூரம் ஓடவும் வேண்டாம். கணபதிப் பக்கம் பட்டறை வைத்திருக்கிற எங்கள் மெக்கானிக் அண்ணன் கட்சியே வேறு. “ஓடுற வண்டி கெடாது தம்பி. நிக்கற வண்டிதான் கெடும். எந்த ரோட்டுல ஓடுச்சுன்னு கேளு” என்பார். சேலம் ரோட்டில் டாப் கியரில் போன ஒரு லட்சம் கிலோமீட்டரும், உக்கடம் டிராஃபிக்கில் ஊர்ந்த ஒரு லட்சமும் ஒன்றல்ல. மலை இன்னும் மோசம். கல்லாறு தாண்டிக் குன்னூர் போக 14 கொண்டை ஊசி வளைவு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. ஏறும்போது கிளட்ச், இறங்கும்போது பிரேக். கியரில் இறங்கத் தெரியாத ஆள் ஓட்டியிருந்தால் டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தாலே வரப்பு வரப்பாகத் தெரியும்.

பழைய வண்டி வாங்குவதில் நம்ம ஊர்க்காரர்களுக்கு வெட்கமும் கிடையாது. ஜி.டி.நாயுடு முதலில் ஆசைப்பட்டது ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிக்கொண்டிருந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் மேல். ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து அதையே வாங்கினார். அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினார். 1920-ல் பொள்ளாச்சி - பழனி ரூட்டில் அவர் ஒற்றை பஸ்ஸோடு தொழில் ஆரம்பித்தது அதற்கப்புறம். நமக்கு அவ்வளவு பொறுமை இல்லாவிட்டாலும், லிஃப்டில் ஏற்றிக் கீழே ஒருமுறை பார்க்கவாவது வேண்டாமா?

அமெரிக்காவில் ஹெர்ட்ஸ் என்ற பெரிய வாடகைக் கார் கம்பெனி, ஓட்டி முடித்த கார்களைத் தன் பெயரைப் போட்டே கடை வைத்து விற்கிறது. வாடகைக்கு ஓடியது என்பதில் ஒளிவுமறைவே இல்லை; விலையும் அதற்கேற்ப. கொரோனா சமயத்தில், 2020 மே மாதம், அது திவால் நோட்டீஸ் கொடுத்தபோது கார்களைக் கூட்டம் கூட்டமாக விற்றது. 2024 ஜனவரியில் சுமார் 20,000 மின்சாரக் கார்களைத் தள்ளிவிடப் போவதாக அறிவித்தது.

இங்கே அந்த மாதிரிப் பலகை கிடையாது. அதனால் நாங்கள் செய்த காரியம், ஆர்.சி.யில் பெயர் இருக்கும் ஆளைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தது. கன்சல்டிங்காரருக்குப் பிடிக்கவில்லை. “அவரு வெளியூருங்க” என்றார். வெளியூர் என்பது அன்னூர்! டீக்கடையில் காத்திருந்தார். டாக்டர் இல்லை, டாக்ஸி டிரைவர். சிங்கிள் ஓனர் என்பது மட்டும் சத்தியம்.

“எழுபத்தெட்டாயிரமா?” என்று பதறிவிட்டார். “நான் அங்க விடறப்ப ரெண்டு லச்சத்துப் பன்னண்டாயிரமுங்க!”

மடியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். தேதி, கிலோமீட்டர், டிரிப், பேட்டா, டீசல், ஆயில் மாற்றிய நாள், டயர் மாற்றிய நாள் எல்லாம் ஆறு வருஷமாகப் பேனாவில். ஆடிட்டர்களிடம்கூட இவ்வளவு சுத்தமான லெட்ஜரை நான் பார்த்ததில்லை. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் விசாரித்ததில் கடைசிப் பதிவு 1,86,000 கிலோமீட்டரில் இருந்தது. நோட்டும் அதையே சொன்னது.

“வண்டி எடுத்து வருசம் திரும்பறதுக்குள்ள ஊரடங்கு வந்துருச்சுங்க. ஆறு மாசம் டியூ கட்ட வேண்டாம்னாங்க. வட்டி ஓடாதுன்னு யாரும் சொல்லுலீங்க” என்றார். 2020 மார்ச் 27-ல் ரிசர்வ் வங்கி அறிவித்த தவணைச் சலுகையைத்தான் சொல்கிறார். மூன்று மாசம், பிறகு ஆகஸ்ட் 31 வரை இன்னொரு மூன்று மாசம். வட்டி மீட்டர் மட்டும் நிற்கவில்லை. அந்த மீட்டரைத் திருப்ப ஆளும் கிடையாது. “எங்கூட ஸ்டாண்டுல ஓட்டுனவங்கள்ல மூணு பேரு வண்டிய சீஸ் பண்ணிட்டுப் போயிட்டாங்க. நான் காய்கறி மூட்டை ஏத்தி டியூ கட்டுனேன். ஊட்டுக்காரி நகையும் போச்சு. இந்த வண்டிய எழுபத்தெட்டாயிரம்னு சொன்னா நான் ஓடுனதெல்லாம் எங்கீங்க போச்சு?”

அவர் கன்சல்டிங்கில் கேட்ட விலை 3,20,000. நாங்கள் கேட்ட விலை 4,40,000. வித்தியாசம் ஒரு லட்சத்து இருபதாயிரம். ஓடிய ஆளுக்கும் அது போகவில்லை. ஓட்டப்போகிற ஆளுக்கும் அது மிச்சமாகவில்லை.

சீஸிங் வண்டிகளும் மலிவாகச் சந்தைக்கு வருகின்றன. ஃபைனான்ஸ் கம்பெனி ஃபாரம் 36 போட்டுத் தன் பெயருக்குப் புது ஆர்.சி. வாங்கிவிட்டதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மஞ்சள் போர்டைவிட எனக்குப் பயம் தருவது வெள்ளைப் போர்டுதான். 1989-ல் மத்திய அரசு கொண்டுவந்த ரென்ட்-எ-கேப் திட்டப்படி, டிரைவர் இல்லாமல் நாமே ஓட்டுகிற வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகை, மஞ்சள் எழுத்து. லைசென்ஸ் வேண்டுமென்றால் குறைந்தது 50 வண்டி இருக்க வேண்டும். இரண்டு, மூன்று கார் வைத்திருப்பவர் 50-க்கு எங்கே போவார்? ஓன் போர்டையே சத்தமில்லாமல் நாள் வாடகைக்கு விடுகிறார். அதை வாங்கிக்கொண்டு, நேற்று லைசென்ஸ் எடுத்த நாலு காலேஜ் பையன்கள் ஊட்டிக்குக் கிளம்புகிறார்கள்! டாக்ஸி டிரைவருக்கு வண்டி சோறு போடும், பார்த்து ஓட்டுவார். இந்தக் காருக்கு அப்பன், ஆத்தா யாரும் கிடையாது. ஆர்.சி.யிலும் ஒரு தடயமும் இருக்காது. விபத்து நடந்து, வாடகைக்கு விட்டது தெரிந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடும். அந்த ஒட்டுப் போட்ட உடம்பைத்தான் உங்களிடம் தள்ளுவார்கள்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு வருஷத்து ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டைக் கேளுங்கள். கிளினிக்கைத் தாண்டாத டாக்டர் வண்டி கணியூர், விஜயமங்கலம், வாளையார் என்று வாரம் நாலு தடவை சுங்கம் கட்டியிருந்தால், டாக்டர் எந்த ஊர் நோயாளியைப் பார்க்கப் போனார் என்று கேட்கலாம்! வெளி மாநில இ-செலான் பாக்கியையும், பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளையும் பாருங்கள். டி-போர்டாக இருந்த வருஷங்களில் பயணிகள் வாகன பாலிசி என்று இருக்கும்.

எங்கள் கதை 3,25,000-ல் முடிந்தது. கன்சல்டிங்காரருக்கும் ஒரு கமிஷன் உண்டு. கிளட்ச், முன் பக்க ஷாக் அப்ஸார்பர், இரண்டு டயர் என்று மெக்கானிக் அண்ணன் சொன்ன செலவைக் கழித்துத்தான் அந்த விலை. விற்பனை ஒப்பந்தத்தில் மீட்டர் எண்ணைப் போடாமல், நிஜமான 2,12,000-ஐ எழுதிக் கன்சல்டிங்காரர் கையெழுத்தும் வாங்கினோம். பேனாவைப் பிடிக்க அவருக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. கடன் முடிந்த கடிதமும், ஆர்.சி.யில் கடன் குறிப்பை நீக்க ஃபாரம் 35-ம் கைக்கு வந்த பிறகே பணம். பெயர் மாற்ற ஃபாரம் 29, 30. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, பழைய ஓனரோடு போய்விடும்.

வண்டியை ஓட்டிப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் 80-க்கு மேல் போகவில்லை. டாக்ஸியாக இருந்தபோது வைத்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. ஓன் போர்டுக்கு அது தேவையில்லை, எடுத்துவிடலாம் என்றார் மெக்கானிக்.

பக்கத்திலேயே நின்றிருந்த சித்தப்பா, அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், அவசரமாக முன்னால் வந்தார்.

“ஏனுங்க, வேற என்னத்த வேணா கழட்டுங்க. அதைய மட்டும் இவங்கிட்டச் சொல்லாம அப்படியே உட்டுருங்க!”