பிசிஓஎஸ் இருந்தால் குழந்தை பிறக்காதா? ஸ்கேனில் தெரியும் ‘நீர்க்கட்டி’ உண்மையில் என்ன?

"ஸ்கேன்ல நீர்க்கட்டி இருக்காம்..." இதைக் கேட்டதுமே பல வீடுகளில் எழும் அடுத்த கேள்வி, "அப்போ இவளுக்குக் குழந்தை பிறக்குமா?" என்பதுதான். பயத்துக்குப் பாதி காரணம் அந்தப் பெயர்!

நீர்க்கட்டி என்பது கட்டியா?

இல்லை. அவை முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள். வழக்கமாக மாதம் ஒன்று முதிர்ந்து, அதிலிருந்து கருமுட்டை வெளியே வரும். பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததால், உடல் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. இதனால் சினைப்பையில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் அதிகமாகி, முட்டை முதிர்வது தடைபடுகிறது. பீரியட்ஸ் தள்ளிப்போவது, முகத்தில் முடி, பரு எல்லாம் இதன் தொடர்ச்சிதான்.

ஸ்கேன் மட்டும் போதுமா?

போதாது. ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேன் அறிகுறி ஆகிய மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும். வளரிளம் பருவப் பெண்களுக்கு ஸ்கேனை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்கிறது 2023-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல். அந்த வயதில் இப்படித் தெரிவது சகஜம்.

கர்ப்பம் சாத்தியமா?

நிச்சயம் சாத்தியம். உலகில் குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு பிசிஓஎஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023-ல் மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலானோருக்கு முட்டைகள் இல்லாமல் இல்லை. அவை மாதாமாதம் வெளியே வராததுதான் சிக்கல். உடல் எடை அதிகம் உள்ளவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு பீரியட்ஸ் சீராகிறது. தேவைப்பட்டால் முட்டையை முதிரச் செய்ய லெட்ரோசோல் மாத்திரையை டாக்டர்கள் முதலில் தருவார்கள். எடுத்த எடுப்பிலேயே ஐவிஎஃப் தேவையில்லை.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

"கல்யாணமானா சரியாகிடும்" என்று விட்டுவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் பீரியட்ஸ் வராமலே இருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்து, நாளடைவில் புற்றுநோய் அபாயம் கூடும். சர்க்கரை நோய் பரிசோதனையும் அவசியம். குழந்தைக்கு முயற்சிப்பவர்கள், பீரியட்ஸ் ஒழுங்காக இல்லையென்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று... மனைவிக்கு பிசிஓஎஸ் இருந்தாலும் கணவருக்கும் விந்தணுப் பரிசோதனை செய்தாக வேண்டும். காரணம் இரண்டு பக்கமும் இருக்கலாம்!