தாடைக் குழியில் நிறைந்திருப்பது எலும்பா, வெறும் துகளா?

பல்லைப் பிடுங்கிய பிறகு அதைத் தாங்கியிருந்த தாடை எலும்பு பழைய அளவிலேயே நிற்பதில்லை. ஓராண்டுக்குள் அதன் அகலத்தில் ஏறத்தாழப் பாதி கரைந்துவிடக்கூடும். அதிலும் பெரும்பங்கு முதல் 3 மாதங்களில் போய்விடுகிறது. விபத்தில் நொறுங்கிய தாடையிலும், கட்டி அகற்றப்பட்ட தாடையிலும் இழப்பு இன்னும் பெரிது. எலும்பு போதாத இடத்தில், இழந்த பல்லுக்கு மாற்றாகத் தாடையில் பதிக்கும் இம்பிளான்ட் உறுதியாக நிற்காது.

நோயாளியின் மோவாயிலிருந்தோ இடுப்பிலிருந்தோ எலும்பை எடுத்து ஒட்டுவதே இன்றும் சிறந்த முறையாகக் கருதப்படுகிறது. ஆனால், அதற்கு இன்னோர் இடத்தையும் அறுக்க வேண்டும். கிடைக்கும் எலும்பும் குறைவு. அதனால்தான் மாற்றுப் பொருள்கள் வந்தன. தானமாகப் பெற்ற மனித எலும்பு, புரதம் நீக்கிப் பதப்படுத்திய மாட்டெலும்பு, செயற்கையான கால்சியம் பாஸ்பேட் துகள்கள், 1969இல் ஆய்வாளர் லாரி ஹென்ச் உருவாக்கிய உயிரியக்கக் கண்ணாடி ஆகியவை இவற்றில் முக்கியமானவை.

இவை உண்மையில் பயன் தருமா என்பதற்கான சோதனை பொருளிலிருந்தே தொடங்குகிறது. கால்சியம் பாஸ்பேட் வகைகளுள் ஹைட்ராக்ஸிஅபடைட்டில் கால்சியம், பாஸ்பரஸ் அணுக்களின் விகிதம் 1.67, ட்ரைகால்சியம் பாஸ்பேட்டில் 1.5. பார்வைக்கு இரண்டும் வெள்ளைத் துகள்கள்தாம். ஆனால், முன்னது ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கும்; பின்னது அதைவிட விரைவில் கரையும். அதனால் எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் படிக அமைப்பை உறுதி செய்கிறார்கள். துளைகளின் அளவும் முக்கியம். 300 மைக்ரானுக்கு மேற்பட்ட துளைகளில் இரத்தக் குழாய்களும் எலும்பும் வளர்வது எளிது.

அடுத்தது ஆய்வுக்கூடச் சோதனை. பொருளை ஊறவைத்த திரவத்தை வளர்ப்புச் செல்கள்மீது விடுகிறார்கள். செல்களின் உயிர்த்திறன் 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால், ஐஎஸ்ஓ 10993 என்ற பன்னாட்டுத் தரநிலையின்படி அது நச்சுத்தன்மைக்கு அடையாளம்.

இதில் தேறிய பொருள் விலங்குச் சோதனைக்குப் போகிறது. எலியின் மண்டையோட்டில் 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை தானாக மூடுவதில்லை. சிறிய துளையாக இருந்தால் எலும்பு தானே வளர்ந்து, பொருளுக்குக் கிடைக்கக் கூடாத பெயரை வாங்கிக் கொடுத்துவிடும். ஆகவே பொருள் வைக்காத வெறுந்துளையையும் ஒப்பீட்டுக்கு விட்டுவைக்கிறார்கள். எச்சிலும் கிருமிகளும் மெல்லும் அழுத்தமும் உள்ள வாயில் பொருள் தாக்குப்பிடிக்குமா என்பதை அறிய, பின்னர் நாய், பன்றி போன்றவற்றின் தாடையில் சோதிக்கிறார்கள்.

மனிதர்களிடம் நடத்தும் சோதனையில் எக்ஸ்-ரே மட்டும் போதாது. துகளே படத்தில் வெள்ளையாகத் தெரிவதால், குழி எலும்பால் நிறைந்ததுபோலத் தோற்றம் தரும். எனவே சில மாதங்கள் கழித்து இம்பிளான்ட்டுக்குத் துளையிடும்போது, எப்படியும் வெட்டியெடுக்க வேண்டிய பகுதியையே 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சியாக எடுக்கிறார்கள். அதைப் பிசினில் பதித்து, மெல்லிய சீவலாகத் தேய்த்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் புது எலும்பு, கரையாத துகள், மென்திசு மூன்றும் தனித்தனியே தெரியும். ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு என்று அளந்த பிறகே பொருளின் திறம் தெளிவாகும். இம்பிளான்ட் சில ஆண்டுகள் அசையாமல் நிற்கிறதா என்பதையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் இத்தகைய பொருள்கள் மருத்துவக் கருவிகள் விதிகள், 2017-இன் கீழ் வருகின்றன. வைக்கப்போகும் பொருள் மனிதரிடமிருந்து வந்ததா, மாட்டிலிருந்து வந்ததா, செயற்கையானதா, உரிமம் பெற்றதா என்று சிகிச்சைக்கு முன்பே கேட்பது நோயாளியின் உரிமை. தெளிவாகச் சொல்வது மருத்துவரின் கடமை.