பியூஸ் ஏன் பற்றரிக்குப் பக்கத்தில்?

தண்ணீரூற்றில் வீதியோரக் கடையொன்றின் கண்ணாடியைக் கழுவ, 12 வோல்ட் பம்பியையும் பற்றரியையும் தள்ளுவண்டியில் ஏற்றினால் போதும். 1990களில் பற்றரிக்கே தடையிருந்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட வன்னி இது. இப்போது கேள்வி, எந்தப் பற்றரி என்பதுதான்.

கார் பற்றரி வேண்டாம். அதன் ஈயத் தகடுகள் மெல்லியவை. சில நொடிகளுக்குப் பெருமின்னோட்டம் தரச் செய்தவை. அடிக்கடி வற்றவிட்டால் ஈய சல்பேற் இறுகிச் சீக்கிரமே படுத்துவிடும். சோலருக்குப் பூட்டும் தடித்த தகட்டுப் பற்றரி தாங்கும். அதையும் பாதிக்குக் கீழே இறக்காதீர்கள். 100 அம்பியர்-மணி பற்றரியில் 5 அம்பியர் பம்பி அப்படிச் சுமார் 10 மணித்தியாலம் ஓடும்.

வயரில்தான் பலர் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 10 மீற்றர் தூரம் என்றால், போக வர 20 மீற்றர். தடை சுமார் 0.23 ஓம். 5 அம்பியர் பாயும்போது 1 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும். வீட்டுக் கரண்டின் 230 வோல்ட்டில் அது தூசு. 12 வோல்ட்டில் ஏறக்குறையப் பத்திலொன்று. பம்பி முனகும், தண்ணீர் மேல்மாடிக்கு எட்டாது. 4 சதுர மில்லிமீற்றர் வயரில் இழப்பு அரை வோல்ட்டுக்குள் நிற்கும். அதைவிட மலிவான வழி: பம்பியைப் பற்றரியோடு வைத்து, ஹோஸை நீட்டுவது.

பியூஸ் காப்பது பம்பியை அல்ல, வயரை. தோல் உரிந்த வயர் எதிர்முனையைத் தொட்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்ந்து தீப்பிடிக்கும். நேர்முனைக்கும் பியூஸுக்கும் இடையிலுள்ள துண்டுக்குக் காவலில்லை. அதனால் அது ஒரு சாணுக்குள் இருக்கட்டும். பியூஸ் எரிந்தால் ஆணியைச் செருகாமல் காரணத்தைத் தேடுங்கள்.